நன்றிக்கு அடுத்த அதிகாரம்

போன வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. நடுவர்கள் மூன்று பேரில் நானும் ஒருத்தி. ஏழாவதாக மேடையேறியது என் அண்ணன் மகள். அப்பவே எழுந்து, "இது எங்க வீட்டுப் பிள்ளை, இவளுக்கு நான் மார்க் போடலை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேர்மையாக இருக்க நமக்கு என்ன கஷ்டம் என்கிற திமிர்தான். என் பி.எட். படிப்புக்குப் பணம் கட்டியது அந்த அண்ணன். அது ஞாபகம் வந்ததும் கை தயங்கியது. 50-க்கு 42 போட வேண்டியவளுக்கு 36 போட்டேன். நாலாவது இடம்; பரிசு இல்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸில், "அத்தே, நான் நல்லா பேசலியா?" என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு 'நடுநிலை' என்ற சொல்லை முன்போல லேசாக வாசிக்க முடியவில்லை.

எங்க ஊர் சேரன்மகாதேவி. எங்க பக்கத்துப் பெரியவர்களிடம் சபாநாயகர் என்று சொன்னால் ஒருத்தர்தான், எங்க தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த பி.எச்.பாண்டியன். சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று அவர் சொன்னதை ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்கள்கூடக் கிண்டலுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1987-ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று சட்டமன்றம் தீர்மானித்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். எதிர்ப்பு கிளம்பி, ஆசிரியர் சில நாட்களிலேயே வெளியே வந்தார். அடுத்த ஜனவரியில் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து கிடந்தது. எம்.ஜி.ஆர். இறந்து ஒரு மாதம்தான். 1988 ஜனவரி 28 அன்று ஜானகி அம்மாள் நம்பிக்கை வாக்குக் கோரிய நாளில் சபைக்குள் அடிதடி, போலீஸ் உள்ளே புகுந்து தடியடி. அந்தக் களேபரத்துக்கு நடுவே அரசு வென்றது என்று அறிவித்தார் சபாநாயகர். இரண்டே நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது.

பாண்டியனைத் திட்டுவது சுலபம். ஆனால் மனுஷனைத் திட்டி முடித்தால் கேள்வி முடிந்துவிடுமா?

அதற்கு 29 வருஷம் கழித்து இன்னொரு சபாநாயகர், ப.தனபால். மறுபடியும் அதே கட்சி, மறுபடியும் உடைசல். 2017 பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கில் வென்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 11 பேர் பிறகு சமரசமாகிச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் துணை முதல்வரே ஆனார். முதல்வர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பரில் தகுதி நீக்கம். சட்டப்படி இரண்டும் வேறு வேறு விஷயம் என்று வாதம் உண்டு. 18 பேர் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி வந்து 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார். எனக்கு உறுத்துவது வேறு. இடைத்தேர்தல் வர 2019 ஆகிவிட்டது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் 18 தொகுதி ஜனங்களுக்கு எம்.எல்.ஏ. கிடையாது. ரோடு சரியில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், யார் தாவினார்கள் என்று முடிவு செய்யும் வேலையைச் சபாநாயகரிடமே கொடுத்தது. 1992-ல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இதை ஒப்புக்கொண்டது. சபாநாயகர் முடிவை நீதிமன்றம் பார்க்கலாம் என்பது மட்டும் ஆறுதல். மாறுபட்ட அந்த இரண்டு நீதிபதிகளின் கவலை எளிமையானது: சபையின் பெரும்பான்மையை நம்பிப் பதவியில் இருப்பவரை நடுவர் என்று எப்படிச் சொல்வது?

திருக்குறளில் 'நடுவு நிலைமை' 12-ஆவது அதிகாரம். அதற்கு முந்தினது 'செய்ந்நன்றி அறிதல்'. இந்த வரிசைக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார். உதவி செய்தவரிடம் நன்றியை நினைக்கும்போது நடுவுநிலை சிதைந்துபோகலாம், அங்கேயும் சிதையக்கூடாது என்பதால்தான் நன்றிக்குப் பின்னால் இது வைக்கப்பட்டதாம். பி.எட். கட்டணம் ஞாபகத்துக்கு வந்த அந்த நொடியை அவர் எட்டிப் பார்த்தது மாதிரி இருந்தது.

ஆனால் அவர் விட்டுவிட்ட ஒன்றும் இருக்கிறது. நான் நன்றிக்காக ஒரு பக்கம் சாயவில்லை. சாய்ந்துவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். அதுவும் நான் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற சுயநலம்தான். கூலி கொடுத்தது ஒரு சின்னப் பிள்ளை. ஆகவே "நல்ல சபாநாயகர் வந்தால் சரியாகிவிடும்" என்பதை நான் நம்புவதில்லை. சீட்டுக் கொடுத்த கட்சிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் நன்றி கெட்டவன், ஆதரவாகச் சொன்னால் அடிமை. இதற்கு நடுவே ஒருத்தரை உட்கார வைத்துவிட்டு, நீ மகானாக இரு என்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. சபாநாயகரானதும் கட்சியை விட்டு விலகினால் அது தாவல் ஆகாது என்று அதே சட்டத்திலேயே, பத்தாவது அட்டவணையின் 5-ஆவது பத்தியில், இடம் இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே, 1967-ல், மக்களவைத் தலைவரானதும் சஞ்சீவ ரெட்டி கட்சியை விட்டார். பிரிட்டனில் அதுதான் வழக்கம். அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் பொதுவாக அவரை எதிர்த்து நிற்பதும் இல்லை. இங்கே அப்படி விட்டுக்கொடுப்பார்களா? எங்க மாவட்டத்து ராதாபுரத்தில் 2016-ல் 49 ஓட்டில் ஜெயிப்பு தோற்பு முடிவாகி, தபால் ஓட்டுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அன்று தோற்ற மு.அப்பாவுதான் 2021-ல் சபாநாயகர் ஆனார். 49 ஓட்டில் ஆடுகிற தொகுதியை எந்தக் கட்சி சும்மா விடும்? அதனால் எனக்கு நடக்கக்கூடியதாகத் தெரிவது 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன யோசனைதான். தகுதி நீக்க வழக்குகளைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் கொடுப்பதைப் பாராளுமன்றம் யோசிக்கட்டும் என்றது. அதிகாரம் குறைந்தாலும் சபாநாயகருக்கு அது ஒரு விடுதலைதான்.

ஊருக்குப் போயிருந்தபோது அண்ணனிடம் மார்க் கதையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "விடுட்டி, நாலாவது வந்தா என்ன" என்றான். பிறகு வாசல் வரைக்கும் வந்து, "ஆனா அவ கிட்ட நீதான் சொல்லணும்" என்றான்.

இன்னும் சொல்லவில்லை. இந்த வருஷப் போட்டிக்கும் அழைப்பு வந்திருக்கிறது.