பிறர் விளைவித்தால் நமக்கு நஷ்டமா?

கம்பத்து ஜனங்கள் ஒன்றுகூடித் தங்கள் காய்கறியைத் தாங்களே விளைவித்தால், அதை விற்றுப் பிழைக்கும் நாம் அதற்கு உதவத்தான் வேண்டுமா?

1974-ல் பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்கள், பச்சைப் புத்தகத் திட்டத்தின் மூலம் வீட்டுக்கு வீடு பயிரிடச் சொன்னார்கள். அதன் அருமை 2020 மார்ச்சில் விளங்கிற்று. நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது ஊர்களில் ஜனங்கள் கடைவாசலில் நிற்க, கேமரன் மலையில் காய்கறிகள் அனுப்ப வழியின்றிக் கொட்டப்பட்டன.

நிலமில்லாதவர்க்கு இன்று ஹைட்ரோபோனிக்ஸ் முறை இருக்கிறது. மண் வேண்டாம், சத்துகள் கரைத்த நீர் குழாயில் ஓடினால், சாவிக் கீரை சில வாரங்களில் தயார். நம் மெர்கோங்கில் ஒரு பள்ளிவாசல் முற்றமே அதற்குப் போதும்.

நமக்குக் கீரை விற்பனை குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் மார்க்கம் பதுக்கலை ஏன் தடுத்தது? விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் நெஞ்சு, அண்டைவீட்டாரின் பசியை விரும்பத் தொடங்கிவிடுகிறது. அவர் தோட்டத்தைக் கண்டு புழுங்குவதும் அதே நோய்தான்.

நாம் விளைவித்ததைப் பறவை தின்றாலும் அது ஸதகா என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. நாம் கொடுக்கும் அரிசி மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். குழாயும் விதையும் கொடுத்தால், வாங்கியவர் மறுபடி கையேந்த வேண்டியதில்லை. ரிஜ்க்கை அளப்பவன் அல்லாஹ். நம் தராசு அல்ல.