உயிருக்கு விலை பேசுவதா?

லொறி மோதி ஒருவர் மாண்டுவிட்ட வீட்டிலே, சடங்குகள் முடிந்ததும் இரண்டு குரல்கள் எழுவதைக் கேட்கலாம். "லொறிக்காரனைச் சும்மா விடக்கூடாது, நட்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும்" என்பது ஒன்று. "போன உயிர் திரும்பவா போகிறது? பிள்ளையின் இரத்தத்தை விற்ற காசிலே சோறு தின்பதா? எல்லாம் அவன் விதி" என்பது மற்றொன்று. முதற் குரலைப் பேராசை என்றும், இரண்டாவதைப் பெருந்தன்மை என்றும் கருதுவது நம்மவர் வழக்கம். இவ்வழக்கம் நியாயமானதுதானா என்பதே ஈண்டு எழும் வினா.

தமிழிலே விதி என்ற சொல்லுக்கு ஊழ் என்றும் பொருளுண்டு. மனிதர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு என்றும் பொருளுண்டு. வீதியிலே நிகழ்ந்த ஒன்றை முதற்பொருளில் வைத்துப் பேசத் தொடங்கியவுடன் இரண்டாவது பொருள் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. பிரேக் தேய்ந்த லொறியைத் திருத்தாமல் ஓடவிட்டமை, இரவு முழுவதும் உறங்காத சாரதியை மேலும் ஒரு நடைக்கு அனுப்பியமை, தாங்கும் அளவுக்கு மேலே கல்லையும் மணலையும் ஏற்றியமை ஆகியன ஊழின் செயல்களா? அவை கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. திருத்தாத பிரேக்கினாலும் கூடுதலான ஒரு நடையினாலும் மிச்சமான பணம் யாரோ ஒருவருடைய பையிலே சேர்ந்திருக்கிறது. இலாபம் ஒருவருக்கும் விதி மற்றொருவருக்கும் ஆகும் இப்பங்கீட்டைத்தான் நாம் பெருந்தன்மை என்னும் பெயரால் ஏற்றுக்கொள்கிறோம்.

தேர்க்காலில் அகப்பட்ட கன்றின் கதையை அறியாத தமிழர் இல்லை. பெரிய புராணம் அதனைத் திருவாரூரில் வைத்துக் கூறுகிறது. மகாவம்சமோ அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, அரசன் தன் மகனையே தேர்க்காலுக்குப் பலியிட்டான் என்பது இரண்டிற்கும் பொது. அரசனின் நடுநிலையை நாம் வியக்கிறோம், வியக்க வேண்டியதுதான். ஆயினும் அந்தப் பசுவுக்குக் கிடைத்ததென்ன? அது இழந்த கன்றோடு அரசனும் ஒரு மகனை இழந்தான், ஓரிழப்பு ஈரிழப்பாயிற்று. இறைவன் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் எழுப்பியருளினான் என்று புராணம் கதையை முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். தண்டனை மட்டும் இழந்தவரின் வெறுமையை நிரப்புவதில்லை.

அதே எல்லாளனைப் பற்றி மகாவம்சத்தின் 21ஆம் அதிகாரம் இன்னொரு தேர் விபத்தையும் கூறுகிறது. அதனை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. அரசன் ஏறிச் சென்ற தேரின் நுகம் பட்டுத் தூபி ஒன்றின் கற்கள் பெயர்ந்தன. அறியாது நிகழ்ந்த பிழையாயினும் அரசன் தேரை விட்டிறங்கி, தன் தலையையும் சக்கரத்தால் அறுக்குமாறு வேண்டினான். பிறருக்குத் தீங்கு செய்வதைப் புத்தர் ஏற்கார் என்றும், தூபியைத் திருத்தி அமைதி தேடுமாறும் அவனுக்குச் சொல்லப்பட்டது. பெயர்ந்த கற்கள் 15. அவற்றைச் சீர்செய்ய அவன் செலவிட்டது 15,000 கஹாபணம். முதற் கதையிலே தண்டனை, இரண்டாவதிலே ஈடுசெய்தல். கேடு விளைவித்த தேருக்குரியவனே, மனமறிந்து செய்யாதபோதும், அக்கேட்டைத் தன் செலவிலே சரிப்படுத்த வேண்டும் என்ற அறம் இங்கே தெளிவாக நிற்கிறது. இன்றைய நீதவான் நீதிமன்றத்துக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும் உள்ள வேறுபாடும் ஏறத்தாழ இதுவே. முன்னது சாரதியைத் தண்டிக்கலாம். அவன் கட்டும் குற்றப்பணம் அரசுக்குச் சேரும். இழந்தவருக்குரிய ஈட்டை இழந்தவரே பின்னதில் சென்று கோர வேண்டும்.

ஆனால் "உயிருக்கு விலையா?" என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. அதற்கு விடை காண, நம் நாட்டுச் சட்டத்தின் வேரைப் பார்த்தல் நலம். இலங்கையில் நட்டஈட்டு வழக்கு உரோமன் டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. அதன் மூலம், கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் உரோமரின் அக்குவிலியச் சட்டம். பிறனுடைய அடிமையையோ மந்தை விலங்கையோ முறையின்றிக் கொன்றவன், கடந்த ஓராண்டில் அதற்கிருந்த அதியுயர் விலையை உடைமையாளனுக்குக் கொடுக்க வேண்டும் என்றது அது. அடிமைக்கும் மாட்டுக்கும் விலையுண்டு. சுதந்திர மனிதனின் உடலுக்கோ மதிப்பிட முடியாது என்று உரோமச் சட்ட அறிஞர் கூறினர். கட்டடத்திலிருந்து வீசப்பட்ட பொருளால் அவன் காயமுற்றால் மருத்துவச் செலவையும் இழந்த உழைப்பையும் கணக்கிடலாம். தழும்புக்கு விலையில்லை என்றனர்.

17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்த அறிஞரான குரோசியஸ் இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார். சுதந்திர மனிதனின் உயிரை மதிப்பிட முடியாது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவனுடைய உழைப்பிலே வாழ்ந்த மனைவி மக்கள் எதிர்பார்த்திருந்த பராமரிப்பைக் கொன்றவன் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்றார். நம் வினாவுக்குரிய விடை இதிலே இருக்கிறது. வழக்கிலே கேட்கப்படுவது மாண்டவனின் விலையன்று. அவன் கொண்டுவந்த அரிசி, பிள்ளையின் பள்ளிச் செலவு, முதிய தாயின் மருந்து ஆகியவையே கேட்கப்படுகின்றன. அவற்றைக் கேட்பது இரத்தத்தை விற்பதாகுமானால், அவன் உயிரோடிருந்தபோது கூலி வாங்கியதும் இரத்தத்தை விற்றதாகவே முடியும்.

உரிமை உண்டென்பது வேறு. அது கைக்கு எட்டுவது வேறு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அக்காலத்தைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. சாரதி குற்றவாளியாகக் காணப்படாவிட்டாலும் குடியியல் வழக்குத் தொடுக்கலாம்; அங்கு வேண்டப்படும் நிரூபணத்தின் அளவு குறைவு என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. சாரதியின் ஏழ்மையைக் கண்டு வழக்கைக் கைவிடுவோரும் உண்டு. ஆனால் வேலையின்போது சாரதி விட்ட கவனயீனத்துக்கு அவனை வேலைக்கமர்த்தியவரும் பொறுப்பாளி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்பினருக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மாண்டவரிலும் ஓரளவு தவறிருந்தால் உரிமை முற்றாக அழிந்துவிடுவதில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தவறின் அளவுக்கேற்ப ஈட்டைக் குறைத்துக் கொடுக்க வழிசெய்தது. இவற்றையெல்லாம் எதிர்த்தரப்பு நன்கறியும். ஆகவேதான் சடங்குக் கடன் கழுத்தை நெரிக்கும் நாட்களிலே, சிறு தொகையொன்றும் "இதுவே முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதிய தாளொன்றும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. விதி என்று தேற்றிக்கொள்ளும் குடும்பமே அத்தாளில் விரைந்து கையொப்பமிடுகிறது. ஆராய்ச்சி மணியின் கயிறு பசுவுக்கும் எட்டும் உயரத்தில் தொங்கிற்று. இன்றைய கயிறு சட்டத்தரணியின் கட்டணத்துக்கும் வழக்குத் தவணைகளுக்கும் மேலே தொங்குகிறது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு அதனைச் சற்றே தாழ்த்தியிருக்கிறது எனலாம்.

மற்றொரு குறையையும் மறைத்தலாகாது. ஈடு பெரும்பாலும் இழந்த வருமானத்தைக் கொண்டு அளக்கப்படுகிறது. ஆகையால் ஒரே லொறி மோதிய இருவருள் உயர் உத்தியோகத்தரின் குடும்பம் பெறும் தொகையும், தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குடும்பம் பெறும் தொகையும் மலையும் மடுவுமாகின்றன. குறைந்த கூலி கொடுத்த சமுதாயம், அக்கூலியையே அளவுகோலாக்கிச் சாவிலும் அவனைக் குறைத்து மதிப்பிடுகிறது. உரோமரின் பழைய விலைப்பட்டியல் நம் நடுவிலும் முற்றாகக் கிழிக்கப்படவில்லை.

இனி, சாரதியை நினைப்போம். அவனும் தொழிலாளியே. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டவன் உறக்கத்தை விற்றுத்தான் வீட்டுக்கு உலை வைக்கிறான். அவன்மேல் வழக்கா என்று மனச்சாட்சியுள்ளவர் தயங்குவது இயல்பு. அவன் தவறு தவறல்ல என்பதன்று இதன் பொருள். அத்தவறு விளைந்த நிலம் யாருடையது என்று கேட்க வேண்டும் என்பதே. உடைமையாளரைப் பொறுப்பாளியாக்கும் வழக்கு அக்கேள்வியை நீதிமன்றத்திலே எழுப்புகிறது. உறங்காத சாரதியை அனுப்புவது இலாபமாக இருக்கும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பர். அது நட்டமாகும் நாளிலேதான் அவனுக்கும் உறக்கம் கிட்டும். ஆதலால் நட்டஈடு கோருபவர் அடுத்து அவ்வீதியில் நடக்க இருப்பவருக்காகவும், அந்த லொறியை ஓட்ட இருப்பவனுக்காகவும் வழக்காடுகிறார்.

வழக்கைத் தவிர வேறு வழியே இல்லையா? உண்டு. நியூசிலாந்தில் நீதிபதி வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணைக்குழு 1967இல் அளித்த அறிக்கையின் வழி, 1972இல் சட்டம் இயற்றப்பட்டு 1974இல் நடைமுறைக்கு வந்தது. விபத்துக்குள்ளானவர், தவறு யாருடையது என்று நிறுவாமலே பொது நிதியிலிருந்து ஈடு பெறுகிறார். உடற்காயத்துக்கான நட்டஈட்டு வழக்கு பெரும்பாலும் அங்கு இல்லாதொழிந்தது. தொழில் கொடுப்போரும் வாகனம் வைத்திருப்போரும் அந்நிதிக்குப் பணம் செலுத்துகின்றனர். இக்கருத்து நமக்கும் முற்றிலும் புதியதன்று. வேலைநேரத்திற் காயமுற்ற தொழிலாளிக்கு, முதலாளியின் கவனயீனத்தை நிறுவாமலே ஈடு கிடைக்க வேண்டும் என்பதை 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. லொறிக்குள்ளே இருப்பவனுக்குப் பொருந்தும் நியாயம், லொறியின் முன்னே சைக்கிளில் செல்பவனுக்கு ஏன் பொருந்தாது?

அத்தகைய ஏற்பாடு இங்கு வரும்வரை வழக்கே இழந்தவரின் கருவி. அதனை எடுக்கும் கையை நாணச் செய்யும் பேச்சை நாம் நிறுத்த வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊரிலே செய்யக்கூடிய தொண்டு ஒன்று உண்டு: இழவு வீட்டுக்குச் செல்லும்போது ஆறுதலோடு இரண்டாண்டுக் கால எல்லையையும் சொல்லி, இறுதித் தீர்வுத் தாளில் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாமென்று தடுத்து, சட்ட உதவி அலுவலகத்துக்கு வழித்துணையாகச் செல்லுதல். "விதி" என்று தேற்றுவதற்கு ஊரிலே பலர் இருக்கின்றனர். இதைச் செய்வோரே குறைவு.