ஒட்டிய கல்லும் உண்மையும்

1999ஆம் ஆண்டில் ‘நஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகை, பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட உயிரெனச் சீனத்து லியாவோனிங் மாகாணப் புதைபடிவமொன்றை உலகுக்கு அறிவித்தது. அதன் வாலோ வேறொரு விலங்கினுடையது. வாலின் மறுபாதிக் கல்லைத் தேடிப்பெற்று மோசடியை அம்பலமாக்கியவர் ஷூ சிங் என்னும் சீன விஞ்ஞானி.

பழியை நாம் எவர்மீது சுமத்துவது? துண்டுகளை ஒட்டி விற்ற குடியானவன் மீதா? முழுமையான உருவுக்கே கூடிய விலையென அவனுக்குக் கற்பித்தது சந்தையன்றோ! அந்தக் கல் அமெரிக்காவில் 80,000 டொலருக்குக் கைமாறிற்று. விஞ்ஞான ஏடுகள் ஏற்காத ஆய்வை அவசரமாய் அச்சேற்றிய படித்தவர்களின் குற்றமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

படைப்புவாதிகளோ, பரிணாமமே பொய்யென ஆர்ப்பரித்தனர். ஆனால் அந்த வாலுக்குரிய மைக்ரோராப்டர் மெய்யானது, காகமளவான ஊனுண்ணி. 2003இல் அறிவிக்கப்பட்ட, அதே பேரினத்துப் படிவங்களில், கைகளில் மட்டுமன்றிக் கால்களிலும் நீண்ட சிறகுகள் பதிந்திருந்தன.