கிணற்றோரம் உட்கார்ந்த ஆண்டவர்



அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தின் 4-ம் அதிகாரத்தில் ஒரு சிறு விஷயம் இருக்கிறது. சமாரிய ஸ்திரீயின் சரித்திரத்தை எத்தனையோ தரம் கேட்டிருந்தும், அதைக் கவனியாமல் தாண்டிப் போய்விடுகிறோம். சேசுநாதர் யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்குப் போகிற வழியில் சமாரியாவிலுள்ள சிக்கார் என்னும் ஊருக்கு வருகிறார். உச்சிவேளை. வழிநடந்த களைப்பினால் யாக்கோபின் கிணற்றோரம் உட்கார்ந்துவிடுகிறார். சீஷர்கள் போஜனம் வாங்க ஊருக்குள் போகிறார்கள், அவர் போகவில்லை. தண்ணீர் மொள்ள வந்த ஓர் அந்நிய ஸ்திரீயிடம், தமக்குக் குடிக்கக் கொடுக்கும்படி கேட்கிறார்.

வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்குக் களைப்பு வந்தது. சுவிசேஷகர் அதை மறைக்கவில்லை. சேசுநாதரிடத்தில் பாவத்தின் நிழல்கூட இல்லை, களைப்போ இருந்தது. ஆகையால் களைப்பு பாவமல்ல. இந்த ஒரு சத்தியத்தை இந்த வாரம் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவர ஆசிக்கிறேன். ஏனென்றால் இதை அறியாததினால் சில தாய்மார் வீணாய் மனவாதனைப்படுகிறார்கள்.

சில நாட்களுக்கு முன் ஒரு தாய் மூன்று வயதுப் பிள்ளையுடன் பங்கு வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். அவள் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி இதை எழுதுகிறேன். “சுவாமி, தலையான பாவங்கள் ஏழில் சோம்பலும் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தேன். அந்தப் பாவத்திலேதான் நான் தினமும் கிடக்கிறேன் போலிருக்கிறது” என்றாள். மூன்று ஞாயிறாக அவள் நன்மை வாங்கப் பந்திக்கு வரவேயில்லையாம்.

விசாரித்தேன். பிள்ளை பிறந்த சில மாதங்களிலேயே அவளுக்கு முடக்குவாதம் கண்டிருக்கிறது. காலையில் விழித்தால் ஒரு மணி நேரத்துக்குமேல் விரல்கள் மடங்குவதில்லை. பால்மாவு டப்பாவின் மூடியைத் திறக்க முடிவதில்லை. பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட முடிவதில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாமாம், களைப்பைத்தான் பொறுக்க முடியவில்லையாம். இராத்திரி முழுதும் தூங்கி எழுந்தாலும் வயலில் அறுப்பு அறுத்துவிட்டு வந்தவள்போல் உடம்பு விழுந்துவிடுகிறதாம். பிள்ளை கையை நீட்டி, “தூக்கும்மா” என்கிறது. இவள் தூக்காமல் சுவரோரம் உட்கார்ந்து அழுகிறாள். வீட்டிலுள்ளவர்களோ, “முகத்தைப் பார்த்தால் நோய்க்காரியாகவா தெரிகிறது? நாங்கள் பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா?” என்கிறார்கள்.

பிரியமானவர்களே, முதலில் இந்த நோயைப்பற்றி அறிந்துகொள்வோம். வைத்தியர்கள் இதை ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். ஊரில் சரவாங்கி என்பார்கள். இது வயசானபின் முழங்கால் தேய்வதினால் வரும் வலியல்ல. வெளியிலிருந்து வரும் கிருமிகளோடு சண்டையிடும்படி தேவன் நம் சரீரத்தில் வைத்திருக்கிற காவல் சக்தி, வழி தவறி, மூட்டுகளின் உள்சவ்வையே சத்துருவென்று எண்ணித் தாக்குகிறது. கை விரல், மணிக்கட்டு, பாதம் ஆகிய சிறு மூட்டுகளில், பெரும்பாலும் இரு பக்கமும் வீக்கம் காணும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாய் வருகிறது. கர்ப்பகாலத்தில் அநேகருக்குத் தணிந்திருந்து, பிரசவத்துக்குப்பின் சில மாதங்களில் மறுபடி சீறும். கைக்குழந்தை இருக்கும் காலத்திலே தாய்க்கு நோய் கடுமையாவதற்கு இது ஒரு காரணம். உள்ளே ஓயாமல் யுத்தம் நடக்கிற சரீரம் களைக்காமல் என்ன செய்யும்? அந்தக் களைப்பு நோயின் ஒரு பாகம், குணத்தின் குறையல்ல.

சோம்பேறிக்குச் சக்தி இருக்கிறது, மனசு இல்லை. இந்தத் தாய்க்கோ மனசு இருக்கிறது, சக்தி இல்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்லுகிறவர்கள் நியாயத்துக்கு விரோதமாய்ப் பேசுகிறார்கள். அவளுக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: “அம்மா, இதில் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு பயமில்லாமல் வந்து நன்மை வாங்கு.”

இதேபோல் நோயோடு பிள்ளை வளர்க்கிற தாய்மாருக்குச் சில வார்த்தைகள்.

வனாந்தரத்தில் இஸ்ராயேலருக்கு மன்னா அன்றன்றைக்கே கிடைத்தது. பேராசையால் மறுநாளைக்கென்று சேர்த்து வைத்தது புழுத்துப்போயிற்று என்று யாத்திராகமம் 16-ம் அதிகாரம் சொல்லுகிறது. உங்கள் பலமும் அந்த மன்னாவைப் போன்றது. இன்றைக்குக் கிடைத்ததை இன்றைக்கு அவசியமானதற்குச் செலவிடுங்கள். தேகம் கொஞ்சம் சுகமாயிருக்கிற நாளில், விட்டுப்போன வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால், அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடக்க நேரிடும். முதலாவது பிள்ளை, பிறகு அடுப்பு, துணி மடிப்பதும் ஒட்டடை அடிப்பதும் காத்திருக்கட்டும். காய் நறுக்குவதையும் பிள்ளைக்குச் சோறூட்டுவதையும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். பிள்ளையைக் குனிந்து தூக்குவதற்குப் பதிலாய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அதுவாக மடியில் ஏறப் பழக்குங்கள். தூக்கியே ஆகவேண்டுமானால் விரல்களால் பிடித்துத் தூக்காமல் முழங்கையோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் பிள்ளையோடு படுத்து வேதாகமக் கதை சொல்லுங்கள். அந்த ஓய்வு திருடினதல்ல, வைத்தியத்தில் ஒரு பங்கு. சற்றுச் சுகமான வேளையில் கொஞ்சம் நடப்பதும் கைகால்களை மெதுவாய் அசைப்பதும் களைப்பைக் குறைக்கும்.

வைத்தியர் கொடுத்த மருந்தை உங்கள் இஷ்டப்படி நிறுத்தாதீர்கள். காலத்தோடே வைத்தியம் தொடங்கினால் விரல்கள் கோணிப்போகாமல் பெரும்பாலும் காத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இப்போது உண்டு. இந்த நோய்க்கு அதிகமாய்க் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேட் என்னும் மாத்திரை வாரத்தில் ஒரே நாள் சாப்பிடவேண்டியது. தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே அபாயம். கர்ப்பவதிகள் அதைச் சாப்பிடக்கூடாது. ஆகையால் பால் கொடுக்கிறவர்களும், இன்னொரு பிள்ளையை எதிர்பார்க்கிறவர்களும் முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரே நாளில் குணம் என்று பேர் தெரியாமல் விற்கப்படும் பொடிகளை வாங்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு மருந்து ஒளிந்திருப்பதுண்டு. இரத்தசோகையும் மனச்சோர்வும் களைப்பைக் கூட்டும். வெட்கப்படாமல் அவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஜெபத்தைப்பற்றியும் கலங்காதீர்கள். முழங்காலிட முடியாதவர்கள் உட்கார்ந்து ஜெபிக்கலாம். வீங்கின விரல்களால் ஜெபமாலை மணியை உருட்ட முடியாவிட்டால், பிள்ளையின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாய்த் தொட்டு ஒரு பத்து மணி சொல்லுங்கள், பிள்ளையும் கற்றுக்கொள்ளும். வியாதியினாலோ கைக்குழந்தையைக் கவனிக்க வேண்டியதினாலோ ஞாயிறு பூசைக்கு வரக்கூடாமற்போனால் அது பாவமல்லவென்று திருச்சபையே போதிக்கிறது. வியாதியஸ்தரையும் அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் நன்மைக்குமுன் ஒரு மணி நேர உபவாசம் கட்டுப்படுத்தாது. சொல்லியனுப்பினால் நன்மை உங்கள் வீட்டுக்கே வரும். முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் என்று சொல்லி, சாகப்போகிறவர்களுக்கு மாத்திரம் என்று பயந்த தேவதிரவிய அநுமானத்தை, 1972-ல் 6-ம் சின்னப்பர் பாப்பரசர் ஒழுங்குபடுத்தி, கடின நோயாளிகளுக்கு ஆறுதலாகும்படி விளங்கச் செய்தார். நோய் கடுமையானால் அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

“என் பிள்ளைக்கு நான் முழுத் தாயாக இல்லையே” என்று ஏங்குகிறவர்கள், பிரான்சு தேசத்து அலான்சோன் பட்டணத்தில் லேஸ் பின்னும் தொழில் நடத்திய செலி மார்ட்டின் என்னும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். 1873 ஜனவரி 2-ந் தேதி அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பால் கொடுக்க அவளால் கூடவில்லை. குழந்தையோ சாகுந்தறுவாயில் இருந்தது. ஆகையால் கிராமத்துக் குடியானவப் பெண் ஒருத்தியிடம் அதை ஒப்புவித்து, ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கேயே வளரவிட்டாள். பின்பு மார்பில் புற்றுநோய் கண்டு, 1877 ஆகஸ்டில் இறந்தாள். அப்போது குழந்தைக்கு வயது நாலரை. அந்தக் குழந்தைதான் நாம் சிறு புஷ்பம் என்று அழைக்கிற அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாள். 2015-ல் அந்தத் தாயும் தன் புருஷனோடுகூட அர்ச்சியசிஷ்டவளாகப் பிரசித்தப்படுத்தப்பட்டாள். பிள்ளையைத் தன் கையாலே எல்லாம் செய்து வளர்க்க அவளால் முடியவில்லை. வேறொருத்தியின் பாலைக் குடித்துப் பிழைத்த பிள்ளை, தாயின் விசுவாசத்தைக் குறைவாய்ப் பெறவுமில்லை.

இனி புருஷன்மாரே, மாமியார்மாரே, அண்டை வீட்டாரே, உங்களிடம் ஒரு வார்த்தை.

கிணற்றோரம் சேசுநாதர் உதவி கேட்டார். தம்முடைய தாகத்துக்காக அவர் புதுமை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நோயுற்ற தாய்மார் அநேகர் கேட்க வாயெடுப்பதில்லை. கேட்டால் என்ன பேச்சு வருமோ என்று பயப்படுகிறார்கள். கப்பர்நாவும் ஊரில் திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் கட்டிலோடு சுமந்துவந்து, கூட்டத்தினால் வழியில்லையென்று கண்டு, கூரையைப் பிரித்து இறக்கினார்களே. அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டுதான் ஆண்டவர் அவனுக்கு இரங்கினார் என்று அர்ச். மாற்கு எழுதுகிறார். உங்கள் வீட்டு நோயாளிக்கு அந்த நாலு பேராக நீங்கள் இருக்கவேண்டாமா? புருஷன் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டினால் அவன் ஆண்மை குறைந்துபோகாது. நாசரேத்தூர் வீட்டில் அர்ச். சூசையப்பரும் தம் கையால் உழைத்தவரே. மாமியார், “நீ படு அம்மா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்” என்று சொல்லுகிற ஒரு வார்த்தை, ஒரு நாள் உபவாசத்தைவிட ஆண்டவருக்கு உகந்ததாயிருக்கும். பூசை நேரத்தில் பக்கத்திலிருப்பவர்கள் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியத்தாரும் இப்படிப்பட்ட வீடுகளைச் சந்திக்கும்போது, ஜெபம் சொல்லி எழுந்து வந்துவிடாமல், வாரத்தில் ஒரு நாள் ஒரு வேளைச் சமையலை ஏற்றுக்கொள்ளட்டும். “முகத்தைப் பார்த்தால் நோயாகத் தெரியவில்லையே” என்கிற பேச்சை மாத்திரம் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கடைசியாய் ஒன்று. சேசுநாதர் களைத்து உட்கார்ந்த அந்த வேளை வீண்போன வேளையல்ல. உட்கார்ந்தபடியே ஓர் ஆத்துமத்தோடு பேசினார். அவள் மூலமாய் அந்த ஊரில் அநேகர் அவரை விசுவசித்தார்கள். தாயே, நீ எழுந்து ஓடமுடியாத நாளிலும் உன் பிள்ளை உன் பக்கத்தில் இருக்கிறது. அதன் தலையைத் தடவலாம். நெற்றியில் சிலுவை அடையாளம் வரையலாம். அது சொல்லுகிற கதையைக் கேட்கலாம். பெரியவனானபின் அந்தப் பிள்ளை நினைக்கப்போவது, அம்மா எத்தனை தரம் தன்னைத் தூக்கினாள் என்பதையல்ல. களைத்திருந்தும் தனக்கு முகங்கொடுத்தாள் என்பதையே.

அந்தத் தாய் போன ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வந்தாள். நடந்தே வந்து, உட்கார்ந்தே பூசை கண்டு, நன்மை வாங்கினாள். பிள்ளையைத் தோளில் சுமந்து பின்னாலே வந்தது அவள் மாமியார்.

வியாதியஸ்தரின் ஆரோக்கியமான தேவமாதா, களைத்திருக்கிற எல்லாத் தாய்மாருக்காகவும் வேண்டிக்கொள்ளுவார்களாக. ஆமென்.