வடலூருக்குப் போனவரும் ராஜ்பவனுக்குப் போனவரும்

விழுப்புரம் பக்கத்தில் ஒரு மூத்த அரசியல்வாதியைக் கவர்னராக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால், ஊர் இரண்டாகப் பிரிந்து பேசும். பெரிய மரியாதை என்பார்கள் சிலர். ஓரங்கட்டிவிட்டார்கள் என்பார்கள் மற்றவர்கள். நாற்பது வருஷம் வாக்குக் கேட்டே வாழ்ந்தவர், இனி யாரிடமும் வாக்குக் கேட்க வேண்டாத நாற்காலியில் எப்படி வாழ்வார் என்பதை இரு தரப்பும் யோசிப்பதில்லை.

ஒரு எம்.எல்.ஏ.வின் காலைப்பொழுது மனுக்களோடு விடிகிறது. பட்டா மாற்றித் தரவில்லை, ஏரி வாய்க்கால் தூர்ந்துவிட்டது, பையனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும் என்று வாசலில் ஆட்கள் நிற்பார்கள். முடியாது என்று சொன்னால் அடுத்த தேர்தலில் அவர்களும் முடியாது என்பார்கள். அந்தப் பயம் தொந்தரவுதான். ஆனால் மனிதரைத் தரையில் நிற்க வைப்பதும் அதுவே. கவர்னரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அவர் விரும்பும்வரைதான் பதவி. மக்களுக்கு அதில் வேலையே இல்லை.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த விவசாயி ராமசாமி ரெட்டியாரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1947 மார்ச்சில் சென்னை மாகாண முதல்வரானார். இருந்தது இரண்டு ஆண்டுகள். அதற்குள் தேவதாசி முறைக்கு முடிவுகட்டும் சட்டம் வந்தது, ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது, ஜமீன்தாரி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. கட்சிக்குள் ஆதரவு சரிந்ததும் 1949 ஏப்ரலில் விலகினார். இன்னொரு பதவியைத் தேடாமல் வள்ளலாரின் வடலூருக்குப் போய், கல்விப் பணியிலும் சன்மார்க்கப் பணியிலும் இறங்கினார். 1970-இல் மறையும்வரை அதுவே அவர் வாழ்க்கை.

அவருக்குப் பின் முதல்வரானவர் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. 1952 தேர்தலில் தோற்றார். 1954-இல் ஒரிசா கவர்னரானார். அடுத்தடுத்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்த இருவரில் ஒருவருக்கு வடலூர், மற்றவருக்கு ராஜ்பவன். ராஜாவைக் குறைத்துச் சொல்ல முடியாது. தன் சொந்த வீட்டையே ஊரின் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர் அவர். பதவி அவருக்குச் சொத்தாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் எந்த மாளிகையிலும் இருக்கலாம்.

கவர்னர் பதவி வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. அது எவ்வளவு செய்யும் என்பதை, விழுப்புரமும் அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் 1952-இலேயே நேரில் பார்த்தது. 375 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்கு 152தான். தென்னார்க்காட்டின் ராமசாமி படையாட்சி தலைமையில் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பிடித்திருந்தன. கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். மாணிக்கவேலு அமைச்சரானார், படையாட்சி 1954-இல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். இந்தப் பக்கத்துக் கிராமங்கள் போட்ட வாக்கின் கனத்தை, யாருடைய வாக்கும் பெறாத ஒருவரின் முடிவு மாற்றி எடைபோட்டது. ராஜாஜியோ அதற்கு முன்பே மேற்கு வங்காளக் கவர்னராகவும் நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தவர். மேலே இருந்து கீழே வந்தார், ஆனால் மக்களிடம் கேட்டு வரவில்லை. அவருடைய திறமையை மதிப்பவர்களுக்கும் அது உறுத்தவே செய்யும்.

முதல்வராக இருந்து பின்னர் ராஜ்பவனுக்குப் போன இன்னொருவரும் உண்டு. பக்கத்துப் புதுச்சேரியில் மூன்று முறை முதல்வராக இருந்த எம்.ஓ.எச். பாரூக், 2010-இல் ஜார்க்கண்ட் கவர்னராகவும் பிறகு கேரளக் கவர்னராகவும் ஆனார். பதவியில் இருக்கும்போதே 2012 ஜனவரியில் மறைந்தார்.

தீவிர அரசியலில் சமீப காலத்தில் அதிகம் ஈடுபடாதவரையே கவர்னராக்க வேண்டும் என்று 1988-இல் சர்க்காரியா கமிஷன் சொன்னது. அரசியல் சட்டத்தின் நன்மைக்காகச் சொன்ன யோசனை அது. அந்த மனிதரின் நன்மைக்கும் அது பொருந்தும். தோல்விக்கும் மாளிகைக்கும் நடுவே, வாசலில் மனுவோடு யாரும் நிற்காத சில வருஷங்கள் அவருக்குக் கிடைக்க வேண்டும். தான் யார் என்பதை அப்போதுதான் அவரால் பார்க்க முடியும். நடப்பது வேறு. 2019 மே மாதம் தூத்துக்குடியில் தோற்ற தமிழிசை சௌந்தரராஜன் அதே செப்டம்பரில் தெலங்கானா கவர்னரானார். 2021 முதல் புதுச்சேரியையும் கூடுதலாகப் பார்த்துக்கொண்டார். அந்த அவசரம் சரியல்ல. ஆனால் 2024 மார்ச்சில் அவர் இரண்டு பதவிகளையும் விட்டுவிட்டுத் தென்சென்னையில் வாக்குக் கேட்க இறங்கினார். மக்கள் மறுபடியும் முடியாது என்றார்கள். எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், ராஜ்பவன் வாசலைத் தாண்டி வந்து அந்தப் பதிலைக் கேட்கத் துணிந்தவரை மதிக்காமல் இருக்க முடியவில்லை.