பாத்திரம் அறிதல்

கழுகுமலையின் அரைமலையில், பாறை முகத்தில் வரிசை வரிசையாய்ச் செதுக்கப்பட்டிருக்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வெயிலும் மழையும் தின்றது போக எஞ்சியிருக்கும் வட்டெழுத்து வரிகளைச் சாய்ந்த வெயிலில் உற்றுப் பார்த்தால், இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்பதே அவற்றுட் பலவும் சொல்லும் செய்தி என்பது விளங்கும். துறவியரும் இல்லறத்தாரும், ஆடவரும் பெண்டிரும் அங்கே பெயராய் நிற்கின்றனர். கொடுத்தவர் பெயருக்குக் கல் கிடைத்தது. பெற்றவர் மனத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் அங்கே தவமிருந்த சமணர் தானத்தை ஆராயாதவர் அல்லர். கொடுக்கும் விதி, கொடுக்கப்படும் திரவியம், கொடுக்கும் தாதா, ஏற்கும் பாத்திரம் என்னும் நான்கின் தன்மையாலேயே தானத்தின் பயன் வேறுபடும் என்று உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் வகுத்திருக்கிறது. நாமோ முதல் மூன்றையும் மறந்து, பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்ற ஒன்றை மட்டும் பழமொழியாய்ப் பிடித்துக்கொண்டு, ஏற்பவனின் யோக்கியதையையே காலமெல்லாம் பரீட்சித்து வந்திருக்கிறோம்.

மற்ற மூன்றையும் பரீட்சிக்க உலகம் பெருந்துயரத்தில்தான் கற்றது. 1994-ல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலைக்குப் பின், அகதி முகாம்களுக்குக் குவிந்த உணவைக் கொலை செய்தவர்களே கைப்பற்றிப் பங்கிட்ட கொடுமையை 1996-ல் வெளிவந்த கூட்டு மதிப்பீடு எடுத்துரைத்தது; அதன் பயனாக 1997-ல், நிவாரணப் பணிகளை மதிப்பிட்டுப் பாடம் கற்க, அல்நாப் என்னும் அமைப்பு உருவாயிற்று. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்த நாகப்பட்டினம் மாவட்டத்திலோ, யாரும் உடுத்தாத பழந்துணிகள் சாலையோரம் மலையாய்க் கிடந்ததை நாடே கண்டது. அத்துணிகளை அனுப்பியவர்களின் கருணை பொய்யன்று. திரவியம் பிழைத்தது, விதி பிழைத்தது.

எங்கள் தெருவில் ஒரு பெண், தொண்டு நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவள், நிவாரணப் பணிகளை மதிப்பிடும் முறையை இணையவழிப் பாடமாக இரவு நேரங்களில் கைப்பேசியில் கற்றாள். உதவி தேவைக்குப் பொருந்தியதா, எட்டாமல் விடுபட்டவர் யார், இன்றைய உதவி நாளைய பிழைப்போடு இணைகிறதா என்று அவள் படித்துக் காட்டியபோது, பழைய சூத்திரமே புதுச் சட்டை போட்டு வந்ததாக எனக்குத் தோன்றியது. பாதிக்கப்பட்டவரைக் கேட்டறிய வேண்டும் என்பதையும் அப்பாடம் வற்புறுத்தவே செய்தது. எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்பதுதான் எந்தத் திரையிலும் அடங்காதது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த பெருமழை, எங்கள் கரிசற் காட்டு மானாவாரி உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் அழுகடித்துப் போயிற்று. சில மாதங்கள் கழித்து, அரிசியும் பாயும் பெற்ற ஒரு வீட்டுக்கு அப்பெண்ணோடு நானும் போயிருந்தேன்.

"கொடுத்ததெல்லாம் திருப்தியா இருந்துச்சா பாட்டி?"

"நல்லாத்தான் குடுத்தாக தாயி. அவுக பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்."

திருப்தி என்ற கட்டத்தில் குறி விழுந்தது. கேள்விகள் முடிந்து, கைப்பேசி பைக்குள் போய், கிழவி கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான், அவள் மூலையிலிருந்த மண்பானையைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் கறுத்துப் பூசணம் பூத்த உளுந்து.

"அரிசி ரேசன்லயே வந்துருது. நனைஞ்சு முளைவிட்டது இந்த விதை உளுந்துதான். இதுக்கு யாரும் ஒரு பிடி குடுக்கலை."

அவள் முதலில் சொன்னது பொய்யன்று, நன்றி. உண்ட வீட்டைக் குறை சொல்லலாகாது என்று வளர்ந்தவளின் வாயில், நன்றியே உண்மையை மறிக்கும் கதவாய் நிற்கிறது. ஆகவே உதவியை அளப்பது கருணைக்கு இழுக்கு என்போரின் அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. பெற்றவரை நன்றிக்கடனிலிருந்து ஒரு நாழிகையேனும் விடுவித்து, கொடுத்தவரின் குறையைக் கொடுத்தவர் காதிலேயே விழச்செய்வது தானத்தின் மிச்சப் பாதி என்றே நம்புகிறேன்.

அப்பெண் கைப்பேசியை மறுபடி எடுத்து, கிழவி சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதலானாள். எழுதி முடித்துப் பெயரைக் கேட்டாள்.

"எம் பேரைப் போட்டுறாத தாயி. அடுத்த தடவை குடுக்க வர்றவுக கோவிச்சுக்கிடுவாக."