மூன்று பல்பும் எரிகிற வரைக்கும்

சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் பத்து மணி நேரம். போன வருஷம் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். நள்ளிரவு தாண்டி விமானத்தில் ஏறி உட்கார்ந்தால், முன் இருக்கையின் முதுகில் பதித்திருந்த திரை இருண்டு கிடந்தது. பணிப்பெண் இரண்டு தடவை ‘ரீசெட்’ போட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் ஏதோ எழுத்துகள் ஓடி மறைந்து, கடைசியில் அதில் என் முகம்தான் தெரிந்தது. புத்தகம் பெரிய பெட்டியோடு சரக்கறைக்குப் போய்விட்டது. போனில் சார்ஜும் சொற்பம்.

மேற்கே பறந்தால் இரவு நீளும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது எவ்வளவு நீளும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் மாகறல் பக்கத்தில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கண் சொக்கினாலும், கிழக்கு வெளுத்துவிடும் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருப்போம். இங்கே சூரியன் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறான், எட்டிப் பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறான்.

ஆபத்துக்கால அட்டையை மூன்று முறை படித்தேன். பக்கத்து இளைஞரின் திரையில் சத்தமில்லாமல் ஒரு சண்டைக் காட்சி ஓடியது, அதையும் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டு லேசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அறுபது வயதில் அடுத்தவர் இலையை எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்ட கூச்சம்.

ஆளுக்கொரு திரை என்பது ஒன்றும் பழைய வழக்கமில்லை. 1961-இல் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனம் முதல் வகுப்புப் பயணிகளுக்கு முறையாகப் படம் காட்டத் தொடங்கியபோது, அத்தனை பேருக்கும் ஒரே திரைதான். 1988-இல் நார்த்வெஸ்ட் நிறுவனம்தான் இருக்கை முதுகில் சின்னத் திரை பொருத்திச் சோதனை பார்த்தது. எங்கள் ஊர்ப்பக்கமும் அப்படித்தான். பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே கூடும். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி வந்ததும், அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க ஆரம்பித்தோம்.

நாலாவது மணி நேரத்தில் எனக்கு ஒரு பரிசோதனை நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் 2014-இல் வெளியிட்டது. கால் மணி நேரம் தனி அறை. கையில் ஒன்றும் கிடையாது. ஒரு பொத்தான் மட்டும் உண்டு, அழுத்தினால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். காசு கொடுத்தாவது அந்த ஷாக்கைத் தவிர்ப்போம் என்று முன்னால் சொன்னவர்களில் 42 பேர் உள்ளே போனார்கள். 18 பேர் தாங்களாகவே அழுத்திக்கொண்டார்கள். படித்தபோது சிரித்தேன். அந்த இருட்டில் என் இருக்கையில் அப்படியொரு பொத்தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை.

படமும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம் என்று நெட்டுக்குத்தாக உட்கார்ந்தே கண்டம் தாண்டியதை இளைஞர்கள் வீடியோ போட்டுப் பெருமையடித்த கூத்து 2024-இல் நடந்தது. அதைப் பார்த்து, “எங்க காலத்துல கிணத்து மேட்டுல சும்மாவே ராத்திரி முழுக்க உக்காந்திருப்போம்” என்று நானே பீற்றிக்கொண்டதுண்டு. அது பொய்.

அப்பா மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது உண்மை. த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரியில்தான் வரும். ஸ்டார்ட்டர் பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பல்பு. இரண்டு எரிந்தால் தொடக் கூடாது, மோட்டார் புகைந்துவிடும். மூன்றும் எரிந்ததும் எழுந்து போடுவார். தண்ணீர் குழாயில் முதலில் இருமும், பிறகு கொட்டும். மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக மடை திருப்பிவிட்டு வருவார். பக்கத்தில் கோணிமேல் படுத்திருக்கும் எனக்கு அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் தூரத்து மடையில் தண்ணீர் உடைத்துக்கொண்டால், நான் கேட்பதற்கு முன்னால் அவர் வரப்பில் இறங்கியிருப்பார். சும்மா இருந்தது உடம்புதான், காது வேலையில் இருந்தது. அவர் எழுந்திருக்காவிட்டால் நெல் காய்ந்துவிடும்.

விமானத்தில் நான் எதற்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும்? நான் தூங்கினாலும் விழித்தாலும் அது ஒரே வேகத்தில்தான் போகும். என்னால் அங்கே ஆகவேண்டியது எதுவுமே இல்லை. திரை அணைந்ததில் என்னை உறுத்தியது படம் போனதல்ல, இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டரை மணி நேரம் ஒரு படம் பார்த்திருந்தால் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே இறங்கியிருப்பேன். அதற்காகத் திரை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு ஞானம் வந்துவிடவில்லை. திரும்பி வரும்போது திரை நன்றாக வேலை செய்தது. அடுத்தடுத்து மூன்று படம் பார்த்தேன்.

ஊருக்கு வந்து தம்பியிடம் இதைச் சொன்னேன். இப்போது நிலம் அவன் பொறுப்பு. ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டான். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும், போனுக்குத் தகவலும் வரும். “அப்ப நல்லாத் தூங்கலாம்டா” என்றேன்.

“எங்கண்ணா… ரெண்டு மணி ஆனா தானா முழிப்பு வந்துடுது.”

“வந்தா?”

“இன்னா பண்றது, மோட்டார் ஓடுதான்னு கேட்டுக்கினே படுத்துக் கெடப்பேன்.”